தலைமைக் குருவின் ரப்பர் மூக்கு

மர்பி டவுனில் எங்கள் பங்குக் கோயிலுக்குப் பின்னால் ஒரு மைதானம் இருக்கிறது. ஆண்டுதோறும் ஈஸ்டருக்கு முந்திய குருத்து ஞாயிறு மாலை அங்கே பாஸ்கா போடுவோம். இயேசு பிடிபட்டதிலிருந்து சிலுவையில் உயிர்விடுவது வரை எல்லாவற்றையும் நடித்துக் காட்டும் நாடகத்துக்குத்தான் பாஸ்கா என்று பெயர். அதில் இயேசுவாக நடிக்கச் சாந்தமான முகம் வேண்டும். ரோமை ஆளுநராக நடிக்கக் கனத்த குரல் வேண்டும். என்னிடம் இருந்தது சிரிப்பு. அதனால் கல்யாணத்துக்கு முன்பிருந்தே நான்தான் தலைமைக் குரு. இயேசுவைக் கொல்லச் சொல்லி ஆளுநரை நெருக்குகிற யூதக் கோயிலின் பெரிய குரு, அதாவது நாடகத்தின் வில்லன்.

சும்மா சொல்லக் கூடாது, நான் நல்ல வில்லன். சிலுவையில் அவர் தலை சாய்ந்ததும் மேடை ஓரத்தில் நின்று ஒரு சிரிப்புச் சிரிப்பேன். அந்தச் சிரிப்புக்கென்றே அல்சூரிலிருந்தெல்லாம் ஆட்கள் வருவார்கள். சின்னப் பிள்ளைகள் அழும், வாலிபர்கள் விசில் அடிப்பார்கள், பெண்கள் என்னைச் சபிப்பார்கள். சிவாஜிநகரில் எனக்கு வண்டி உதிரிபாகக் கடை. பக்கத்துக் கடை பாய் மறுநாள் காலை ஷட்டரைத் தூக்கும்போதே, "என்னா, இந்த வருஷமும் அவரைக் கொன்னுட்டியா?" என்று கேட்பார். "கொல்லாம விடுவேனா பாய்?" என்பேன். இருவரும் டீ குடிப்போம்.

சிரிப்புக்கு அடுத்தபடியாக எனக்குப் பெருமை என் மூக்கு. சொந்த மூக்கைச் சொல்லவில்லை. தலைமைக் குருவுக்கும் அவருடைய கூட்டத்தாருக்கும் நீண்டு வளைந்த மூக்கு ஒட்டுவது எங்கள் குழுவின் வழக்கம். மற்றவர்கள் பஞ்சையும் பசையையும் வைத்து ஒப்பேற்றுவார்கள். வியர்த்தால் வாயில் விழும். நான் கடைக்காரன் இல்லையா, பழைய ஸ்கூட்டர் ட்யூபை வெட்டி, சூடு காட்டி வளைத்து, என் மூக்கின் அளவுக்கே ஒரு ரப்பர் மூக்கு செய்துகொண்டேன். மேலே பவுடர் பூசினால் தோல் என்றே நம்புவார்கள். எங்கள் குடும்பத்து மூக்கு அகலமானது, நுனியில் சற்றுச் சப்பை. என் மகளுக்கும் அதே மூக்குதான். அவள் பிறந்த அன்று ஆஸ்பத்திரி நர்ஸ் குழந்தையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுச் சிரித்தாள். அந்த மூக்கின் மேல் ரப்பர் மூக்கு கச்சிதமாக உட்காரும். முதல் சில வருடம் பயங்கரமாக அரித்தது. பிறகு தெரியவில்லை.

மகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். சின்ன வயதிலிருந்தே பாஸ்கா அன்று அவளுக்கு ஒரு வேலை உண்டு. மேடைக்குப் பக்கத்தில் மணிக்கூண்டுக்குக் கீழே தண்ணீர் பாட்டிலோடு நிற்பாள். நான் சிரித்து முடித்துவிட்டுத் திரைக்குப் பின்னால் வந்ததும் ஓடிவந்து பாட்டிலை நீட்டுவாள். அப்படிச் சிரித்த பிறகு தொண்டை கிழிந்துபோயிருக்கும். அந்தத் தண்ணீர் அமிர்தமாக இருக்கும். கல்லூரிக்குப் போன பிறகும் அந்த வேலையை அவள் யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. சட்டம் முடித்து ஒரு வக்கீலிடம் சேர்ந்த பிறகு முதலில் பூசைக்கு வருவது நின்றது, பிறகு பாஸ்காவுக்கும் வரவில்லை. ஏன் என்று நான் கேட்கவில்லை. கேட்டால் சொல்லிவிடுவாளோ என்று பயம்.

போன தவக்காலத்தில், அவளுக்கு டெல்லியில் வேலை கிடைத்தது. ஈஸ்டர் முடிந்ததும் கிளம்ப வேண்டும். போவதற்கு முன் ஒரு தடவையாவது அவள் வந்து அந்த மணிக்கூண்டுக்குக் கீழே நிற்க வேண்டும் என்று எனக்கு ஆசை. ஆசை என்று சொல்வது குறைவு. அதே நினைப்பாக இருந்தேன்.

ஒரு ஞாயிறு மத்தியானம் சாப்பிடும்போது கேட்டேவிட்டேன். தவக்காலம் என்பதால் கறி கிடையாது, கருவாடும் கூடாது என்று மனைவி கண்டிப்பு, ரசமும் கீரையும்தான்.

"இந்த வருஷமாவது வருவியா?"

அவள் கைபேசியை எடுத்தாள். எங்கள் இளைஞர் குழு போன வருடத்து நாடகத்தைப் படம் பிடித்து இணையத்தில் போட்டிருந்தது. அதை ஓடவிட்டு, நான் சிரிப்பதற்குச் சற்று முன்னால் நிறுத்தி, என் முகத்தைப் பெரிதாக்கிக் காட்டினாள்.

"இந்த மூக்கு எதுக்குப்பா?"

"வில்லன்னு தெரிய வேணாமா?"

"வில்லன்னு தெரியவா, யூதன்னு தெரியவா?"

"ரெண்டுக்கும்தான். அவங்கதானே கொன்னாங்க?"

"அப்போ இயேசுவுக்கு ஏன் இந்த மூக்கு இல்ல? அவரும் யூதர்தானே? மாதாவும்தானே? சீடருங்க எல்லாரும்தானே? அவங்க மூக்கு மட்டும் ஏன் நல்லா இருக்கு? அவங்க என்ன, மர்பி டவுனா?"

ரசம் ஊற்ற வந்த மனைவி கரண்டியோடு நின்றுவிட்டாள். இத்தனை வருடம் மேடையில் இயேசுவுக்கும் எனக்கும் நடுவே முழ தூரம்தான் இருந்திருக்கும். அவர் எந்த ஊர், எந்த ஜனம் என்று ஒரு நாளும் நான் யோசித்ததில்லை. பதில் இல்லாதவன் என்ன செய்வானோ அதைச் செய்தேன். கத்தினேன்.

"நாலு புஸ்தகம் படிச்சுட்டா சாமியையே கேள்வி கேப்பியா? ஊர்ல இருக்கிறவன் எல்லாம் நம்மளைக் குத்தம் சொல்றான். நீயும் போய்ச் சேர்ந்துக்கோ!"

கோபம் வந்தால்தான் அவள் என்னை 'நீங்க' என்பாள்.

"சாமியை நான் கேக்கல. உங்களைக் கேக்குறேன். ஐரோப்பாவுல இந்த மாதிரி நாடகத்தைப் பாத்துட்டு வெளிய வந்து, ஊர்ல இருந்த யூதங்களை அடிச்சிருக்காங்க, வீட்டைக் கொளுத்தியிருக்காங்க. உங்க சபையோட சரித்திரத்துல அது இருக்கு. நீங்க அந்த மூக்கோட நிக்கிற மேடைக்குப் பக்கத்துல நான் பாட்டிலைப் பிடிச்சுக்கிட்டு நிக்க மாட்டேன்."

தட்டைக் கழுவி வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

இப்போதெல்லாம் கைபேசியைத் திறந்தால் போதும், யாராவது ஒருவர் எங்கள் சபையைக் கிழித்துத் தொங்கப் போட்டுக்கொண்டிருப்பார். ஒருவர் அந்நிய மதம் என்பார், இன்னொருவர் அறிவியலின் எதிரி என்பார், வேறு சபைக்குப் போய்விட்ட என் மைத்துனன் நாங்கள் சிலையைக் கும்பிடுகிறோம் என்பான். அவர்களுக்கெல்லாம் பதில் சொல்லிப் பழகியவன் நான். மைத்துனனை ஒரு கிறிஸ்மஸ் விருந்தில் பிரியாணி இறங்குவதற்குள் மடக்கியிருக்கிறேன். அப்பேர்ப்பட்டவன் சொந்த மகளிடம் வாயடைத்து உட்கார்ந்திருந்ததுதான் எனக்குத் தாங்கவில்லை. அன்று சாயங்காலமே பங்குத் தந்தையைத் தேடிப் போனேன். பதில் கேட்கப் போகவில்லை, ஆயுதம் வாங்கப் போனேன்.

எங்கள் பங்குத் தந்தை என்னைவிட இளையவர். ஆனேக்கல் பக்கத்துக்காரர், தமிழும் கன்னடமும் தெலுங்கும் ஒரே மூச்சில் வரும். கோயிலுக்குள் மைக் ஒயரைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். நடந்ததையெல்லாம் கொட்டிவிட்டு, "அவ வாயை அடைக்கிற மாதிரி ஒண்ணு சொல்லுங்க ஃபாதர்" என்றேன்.

முழுவதும் கேட்டுவிட்டு அவர் சிரித்தார்.

"தப்பான ஆள்கிட்ட வந்துட்டீங்கண்ணா. நான் அவ கட்சி."

"சபைக்கு எதிரா பேசுறா ஃபாதர்!"

"இல்லண்ணா. சபை சொன்னதைத்தான் அவ சொல்றா. நீங்கதான் சபைக்கு எதிரா மூக்கை ஒட்டிக்கிட்டு நிக்கிறீங்க."

பிறகு பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்து பொறுமையாகச் சொன்னார். நான் பிறப்பதற்கு முன்பே, உலகத்து ஆயர்கள் எல்லோரும் ரோமையில் கூடிய பொதுச்சங்கத்தில் இது பேசப்பட்டு முடிவாகிவிட்டதாம். அன்றைக்கு அதிகாரத்தில் இருந்த சிலர் செய்ததற்காக அன்றைய யூதர்கள் எல்லோர்மேலும், இன்றைய யூதர்கள்மேலும் பழி போடக் கூடாது என்று சபை எழுதிக் கொடுத்துவிட்டது. அதற்கும் முன்னால், இயேசு இறந்த பெரிய வெள்ளியன்று நடக்கும் வழிபாட்டில் ஒரு வழக்கம் இருந்ததாம். உலகத்தில் இருக்கிற ஒவ்வொரு வகையினருக்காகவும் மன்றாடும்போது கோயிலே முழந்தாளிடும். யூதர்களுக்கான மன்றாட்டு வரும்போது மட்டும் ஒருவரும் முழந்தாளிட மாட்டார்கள். மன்றாட்டிலேயே அவர்களைக் குறித்து ஒரு கடுஞ்சொல்லும் இருந்தது. சபை முதலில் முழந்தாளைச் சேர்த்தது, பிறகு அந்தச் சொல்லை எடுத்தது. இன்றைக்கு அதே மன்றாட்டில், கடவுள் முதன்முதலில் பேசியது அவர்களிடம்தான் என்று மரியாதையோடு சொல்கிறோம்.

"நான் வருஷா வருஷம் அதுக்கு முட்டி போடுறேனே ஃபாதர்" என்றேன்.

"போடுறீங்க. அதுக்கு அஞ்சு நாள் முன்னாடி மூக்கு ஒட்டுறீங்க." அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு தொடர்ந்தார். "குருத்து ஞாயிறு பூசையில பாடுகள் வாசிக்கிறோமே, அதுல இயேசு பேசுறதை நான் வாசிப்பேன். கதையை இன்னொருத்தர் வாசிப்பார். கூட்டம் 'சிலுவையில் அறை'ன்னு கத்துற இடத்தை யார் வாசிக்கிறாங்க?"

"நாங்கதான். ஜனங்க."

"அதுக்கு எருசலேம்ல இருந்து ஆள் வருதா? நம்மளையே கத்தச் சொல்லி சும்மாவா வெச்சிருக்காங்க? அவரை அறைஞ்சது யாருன்னு கேட்டா நம்ம பக்கம் திரும்பிப் பாருன்னு சபை சொல்லுது. உங்க நாடகம் அந்தப் பக்கம் கையைக் காட்டுது. அவ்ளோதான்."

வெளியே வந்து வண்டியை உதைத்தேன். என்மேல் எனக்கிருந்த கோபத்தில் அதை நாலு உதை அதிகமாகவே உதைத்திருப்பேன். ஆனால் அல்சூர் ஏரிக்கரைக்கு வருவதற்குள் கோபம் போய் நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. யோசித்துப் பாருங்கள், எவ்வளவு பெரிய சபை, எவ்வளவு பழைய சபை. தன் சொந்த செபத்தையே எடுத்துப் பார்த்து, இந்த வார்த்தை தப்பு என்று உலகறியச் சொல்லித் திருத்தியிருக்கிறது. நான் என் கடையில் ஒரு ரசீது தப்பாகப் போட்டாலே ஒத்துக்கொள்ள மாட்டேன். வாடிக்கையாளரிடம்தான் சண்டைக்குப் போவேன். பெருமை தாங்கவில்லை. அதைவிட, மகளை மடக்க ஒரு விஷயம் கிடைத்துவிட்டது.

வாசலில் செருப்பைக் கழற்றும்போதே அறிவித்தேன்.

"நீ இப்போ வந்து சொல்றதை எங்க சபை நான் பொறக்கறதுக்கு முன்னாடியே சொல்லிடுச்சு. தெரியுமா?"

"தெரியும்."

"தெரியுமா?"

"சபை எப்பவோ சொல்லிடுச்சு. உங்க மூக்குக்குத்தான் இன்னும் சேதி வந்து சேரல."

அடுப்படியில் மனைவி சிரித்தது எனக்கு நன்றாகக் கேட்டது.

அடுத்த ஒத்திகையில் விஷயத்தைப் போட்டு உடைத்தேன். எங்கள் குழுத் தலைவர்தான் ரோமை ஆளுநர். தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், தொண்டையைக் கனைத்தாலே பள்ளிக்கூட ஹால் அதிரும். இந்த வருடம் யாருக்கும் மூக்கு வேண்டாம் என்று நான் சொன்னதும் அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"மூக்கு இல்லேன்னா யார் வில்லன்னு ஜனத்துக்கு எப்படிடா தெரியும்?"

"என் பேச்சுலயே தெரியும்ணா."

"ஆமா, எல்லாரும் நம்மளைத்தான் அடிக்கிறான். இன்னிக்கு மூக்கை எடுன்னு சொல்லுவான், நாளைக்குச் சிலுவையை எடும்பான். பயந்துக்கிட்டு ஒவ்வொண்ணா கழட்டிக் குடுப்பியா?"

மற்றவர்களும் அவரோடு சேர்ந்துகொண்டார்கள். அவர் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. நானும் பத்து நாள் முன்பு அதையேதான் சொல்லியிருப்பேன். பயந்து கழற்றவில்லை, நம் சபை சொல்லித்தான் கழற்றுகிறேன் என்று எவ்வளவோ விளக்கினேன். எடுபடவில்லை. கடைசியில் பொறுமை போய்விட்டது. மேக்கப் டப்பாவிலிருந்து ரப்பர் மூக்கை எடுத்துக்கொண்டு, ஹால் மூலையில் உட்கார்ந்திருந்த எங்கள் இயேசுவிடம் போனேன். அவன் ஏசி மெக்கானிக். தவக்காலம் முழுக்கத் தாடி வளர்ப்பான், சிகரெட்டைத் தொட மாட்டான். அவன் என்ன என்று கேட்பதற்குள் அந்த மூக்கை அவன் முகத்தில் ஒட்டிவிட்டேன்.

ஹாலே எழுந்துவிட்டது.

"டேய், கழட்டுடா! பாவம்டா!" என்று ஆளுநர் அலறினார். மாதாவாக நடிக்கும் பெண் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டாள்.

"ஏண்ணா? அவரும் அதே ஜனம்தானே? அவங்களுக்கெல்லாம் இந்த மூக்குன்னா அவருக்கும்தானே இருக்கணும்? மாதாவுக்கு இருக்க வேணாமா?"

மெக்கானிக் மட்டும் மூக்கைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு, "இருக்கட்டும்ணா, எனக்கு ஒண்ணும் இல்ல" என்றான். அவன் நல்ல பையன். ஆளுநர் அவன் அருகே போய், தானே மூக்கை மெல்லப் பிய்த்து எடுத்து, என் கையில் வைத்தார். கொஞ்ச நேரம் ஹாலுக்குள் அங்குமிங்கும் நடந்தார்.

"மேடையில கூட்டம் நிக்குமே, 'சிலுவையில் அறை'ன்னு கத்துற கூட்டம். அவனுங்களை என்ன பண்ணப் போற?"

அதற்கும் பங்குத் தந்தையின் பெஞ்சில் உட்கார்ந்திருக்கும்போதே எனக்கு வழி கிடைத்திருந்தது. மேடையில் கூட்டமே வேண்டாம். நம் ஆட்கள் சட்டை பேண்ட்டிலும் சேலையிலும் மைதானத்தில் ஜனத்தோடு ஜனமாக உட்காரட்டும். குரல் அங்கிருந்து வரட்டும்.

"கீழ இருந்து எவனும் கத்தலேன்னா, மேடையிலேயே உன்னை நான் அறைவேன்" என்றார் ஆளுநர். சம்மதம் என்று அர்த்தம்.

வீட்டில் இதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொன்னால் அவளுக்காகக் கழற்றினேன் என்று ஆகிவிடும். சபை சொன்னதற்காகத்தான் கழற்றினேன். அவளுக்காகவும்தான், அதை ஏன் மறைக்க வேண்டும்? குருத்து ஞாயிறு காலையில் பூசைக்குக் கிளம்பும்போது, "சாயங்காலம் நாடகம்" என்று மட்டும் சொன்னேன். அவள் டெல்லிக்கான பெட்டியில் துணிகளை அடுக்கிக்கொண்டே, "பார்க்கலாம்" என்றாள்.

முந்தின நாள் பெய்த மழையில் மைதானம் ஈரமாக இருந்தது. முன்னால் பிளாஸ்டிக் நாற்காலிகள், பின்னால் தார்ப்பாயும் ஜமக்காளமும். காலையில் வாங்கிய குருத்தோலைகளை நிறைய பேர் கையிலேயே வைத்திருந்தார்கள். உயரமான தொப்பியும் நீண்ட அங்கியுமாக நான் மேடை ஏறினேன். முகத்தில் ஒன்றும் இல்லை, நான்தான் இருந்தேன். முன்வரிசையில் ஒரு பொடிசு, "ஐய்ய, ஸ்பேர் பார்ட்ஸ் அங்கிள்!" என்று கத்தியது. சிரிப்பு அலை ஒன்று கடைசி வரை போய்த் திரும்பியது. அவ்வளவுதான், மானம் போயிற்று என்று நினைத்தேன். ஓரக்கண்ணால் மணிக்கூண்டைப் பார்த்தேன். அங்கே யாரும் இல்லை. ஆனால் என்னைத் தெரிந்த அதே முகத்தோடு, கடையில் பேசுகிற அதே குரலில், அவரைக் கொல்ல வேண்டும் என்று நான் பேசப் பேசச் சிரிப்பு அடங்கியது. என் வாடிக்கையாளர் ஒருவர் கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆளுநர் முன்னால் வந்து மைதானத்தைப் பார்த்துக் கேட்டார், இவரை என்ன செய்ய என்று. நடுவில் உட்கார்ந்திருந்த எங்கள் ஆட்கள் எழுந்து, "சிலுவையில் அறை!" என்று கத்தினார்கள். பக்கத்தில் இருந்தவர்கள் திடுக்கிட்டு அவர்களைப் பார்த்தார்கள். இரண்டாம் தடவை ஆளுநர் கேட்டபோது நாங்கள் யாரும் எதிர்பார்க்காதது நடந்தது. மைதானம் மொத்தமும் பதில் சொன்னது. காலையில் பூசையில் சொன்ன அதே ராகத்தில், செபம் சொல்வது போல, பெண்களும் பிள்ளைகளும் சேர்ந்து, சிலுவையில் அறை என்றார்கள். வாழ்நாள் முழுக்கச் சொல்லிப் பழகிய வாய்கள், கேள்வி வந்ததும் பதில் தானாக வந்துவிட்டது. சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவர்களுக்கு உறைத்தது. என் மனைவி கையால் வாயைப் பொத்திக்கொண்டதை நான் பார்த்தேன். அடுத்து, அந்த இரத்தப்பழி எங்கள்மேலும் எங்கள் பிள்ளைகள்மேலும் வரட்டும் என்று கூட்டம் சொல்கிற வசனம். போன வருடம் வரை வளைந்த மூக்குக்காரர்கள் மேடையில் நின்று கத்திய வசனம். இப்போது கட்டம்போட்ட சட்டையில் எங்கள் ஆள் ஒருவர், இடுப்பில் தன் குட்டிப் பெண்ணோடு மைதானத்தில் எழுந்து நின்று சொன்னார். பாதியில் அவர் குரல் இறங்கிவிட்டது. மீதியை மெதுவாகத்தான் சொன்னார்.

அதன் பிறகு மைதானத்தில் சுண்டல்காரரின் சத்தம்கூட இல்லை.

சிலுவையில் மெக்கானிக்கின் தலை சாய்ந்தது. என் முறை. மேடை ஓரத்துக்கு வந்து, சிரிப்பதற்காக மூச்சை ஆழமாக இழுத்தேன். அப்போது நாற்காலிகள் நகரும் சத்தம் கேட்டது. எல்லோரும் முழந்தாளிட்டார்கள். பாடுகள் வாசிக்கும்போது இயேசு உயிர்விடும் இடத்தில் கோயிலில் முழந்தாளிடுவோமே, அதே போல. யாரும் சொல்லவில்லை. காலையில் உடுத்திய பட்டுச் சேலையோடு, வெள்ளை வேட்டியோடு, அந்த ஈர மண்ணில். இத்தனை வருடம் நான் விசில் வாங்கிய இடம் அது. இழுத்த மூச்சு நெஞ்சிலேயே நின்றுவிட்டது.

மைதானத்தில் இரண்டு பேர்தான் நின்றுகொண்டிருந்தோம். மேடையில் தொப்பியோடு நான். மணிக்கூண்டுக்குக் கீழே, கையில் தண்ணீர் பாட்டிலோடு என் மகள்.

எப்போது வந்தாள் என்று தெரியாது. அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டு நானும் முழந்தாளிட்டேன். தலையைத் தூக்கிப் பார்த்தபோது, அவள் பாட்டிலை மார்போடு அணைத்தபடி மெல்லக் கீழே இறங்கி, மண்ணில் முழங்காலை ஊன்றினாள். என் கண்ணில் நீர் வழிந்தது. அழுதேன் என்று சொல்ல எனக்கு வெட்கம் இல்லை. எங்கள் சபையையும் எங்கள் ஜனத்தையும் நினைத்து அவ்வளவு பெருமையாக நான் அதற்கு முன் இருந்ததில்லை.

திரைக்குப் பின்னால் வந்ததும் ஆளுநர் என்னைப் பிடித்துக்கொண்டார்.

"தலைமைக் குரு எங்கடா முட்டி போட்டான்? எந்த நற்செய்தியில இருக்கு?"

"எதுலயும் இல்லண்ணா."

"அடுத்த வருஷம் முன்கூட்டியே சொல்லு. நானும் போடுவேன்ல?"

அவர் கண்ணும் சிவந்திருந்தது. மகள் வந்து பாட்டிலை நீட்டினாள். வாங்கிக் குடித்தேன். சிரிக்காத தொண்டைக்கும் அந்தத் தண்ணீர் தேவையாகத்தான் இருந்தது.

"நீ ஒண்ணும் நினைச்சுக்காதப்பா" என்றாள். "எனக்கு விசுவாசம்லாம் திரும்பி வந்துடல. நீயும் முட்டி போட்டுட்ட, நான் மட்டும் நிக்கிறதுக்கு ஒரு மாதிரி இருந்துச்சு. அவ்ளோதான்."

"அது போதும்" என்றேன். உண்மையிலேயே போதும் என்றிருந்தது.

"அந்த மூக்கு எங்க?"

"டப்பால இருக்கு. தூக்கிப் போட்டுடவா?"

"வேணாம். எனக்குக் குடு. டெல்லிக்கு எடுத்துட்டுப் போறேன்."

"அதை வெச்சு என்ன பண்ணுவ?"

"உங்க சபை என்னென்ன பண்ணுச்சு தெரியுமான்னு எவனாவது ஆரம்பிப்பான்ல? ஆமா, பண்ணுச்சுன்னு சொல்லுவேன். சொல்லிட்டு இதை எடுத்துக் காட்டுவேன். எங்கப்பா இதைப் போட்டுக்கிட்டு இருந்தாரு, அவரே கழட்டிட்டாருன்னு சொல்லுவேன்."

டப்பாவைத் திறந்து கொடுத்தேன். அவள் மூக்கை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு என்ன தோன்றியதோ, தன் முகத்தில் வைத்து அழுத்தினாள். என் மூக்குக்கு அளவெடுத்துச் செய்தது அவளுக்கும் அப்படியே பொருந்தியது. விரல் நுழைய இடம் இல்லை. அவள் சட்டென்று அதைப் பிய்த்து எடுத்து, கைக்குட்டையில் சுற்றிக்கொண்டு, பவுடர் ஒட்டிய மூக்கைப் புறங்கையால் தேய்த்தாள்.

"ஐயோ, என்னமா அரிக்குது! எப்படிப்பா இத்தனை வருஷம் இதைப் போட்டுட்டு இருந்த?"

"பழகிப் போச்சும்மா" என்றேன்.